எட்டுக் கையும் நல்ல கை

ஐந்தாவது கையிலும் பதினேழு பாயிண்ட். இரண்டு ஆஸ், இரண்டு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி. பூவராகன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். ஆஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று. எப்படிக் கூட்டினாலும் பதினேழுதான். காலையிலிருந்து எதுவும் போகாத வயிற்றில் முதல் வாய்க் காபி இறங்குகிற மாதிரி ஒரு சூடு இறங்கியது. அப்படியானால் சரி, இன்றைக்கும் வந்துவிட்டது, எல்லாம் சரியாகத்தான் நடக்கும் என்று மனசுக்குள் யாரோ சொன்னார்கள், சொன்னது அவரேதான். ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஏசி எலும்பைத் தொட்டது. வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள், யார் வீட்டு டிபன் கேரியரிலிருந்தோ புளியோதரை வாசம், எதிர்ச்சுவரில் டிவி. அதில் பாட்டும் இல்லை கூத்தும் இல்லை, ஆபரேஷனுக்கு வந்தவர்களின் பெயர்கள் மட்டும் கீழிருந்து மேலாக நகர்ந்துகொண்டிருந்தன. குமுதவல்லி, பெண், வயது அறுபத்து நாலு, இருதய வால்வு, தயார்நிலை. பதினோரு மணிக்கு மேல் அந்தத் 'தயார்நிலை' மாறி 'உள்ளே' என்று ஆகும். அப்புறம் எப்போது 'வெளியே' என்று ஆகுமோ. அந்தப் பக்கம் மனசு ஒரு அடி வைத்தது, உடனே காலை இழுத்துக்கொண்டது. பெயர் மேலே ஏறி மறைந்ததும் பூவராகன் போனுக்குத் திரும்பினார். இந்தப் பிரிட்ஜ் போட்டியில் மனிதர் அவர் ஒருவர்தான். எதிரே பார்ட்னராக ஒரு ரோபோ, இடமும் வலமும் எதிரிகளாக இரண்டு ரோபோ. இதே எட்டுக் கையை, ஒரு சீட்டு பிசகாமல், எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பேர் அவரவர் ரோபோக்களோடு ஆடுவார்கள், கடைசியில் ஒரே சீட்டை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். ரோபோக்களுக்கு அவசரமில்லை, முகச்சுளிப்பு இல்லை, ஏன் இப்படி ஆடினீர் என்று சட்டையைப் பிடிப்பதில்லை. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட மரியாதையான சகவாசம் வேறெங்கே கிடைக்கும்.

சீட்டு விஷயத்தில் அவருடைய தரித்திரம் ஊரறிந்தது. வேலையில் இருந்த காலத்தில் திருச்சி கண்டோன்மெண்ட் பக்கத்து கிளப்பில் சனிக்கிழமைதோறும் பிரிட்ஜ் நடக்கும். அங்கே அவருக்குப் பேரே 'நாலு பாயிண்ட்'. வைத்தவன் தங்கையா, ரயில்வேயில் கண்ட்ரோலர், பாளையங்கோட்டைக்காரன், நிரந்தர பார்ட்னர். இத்தனை பிடி எடுப்பேன் என்று ஏலம் கேட்பதெல்லாம் தங்கையா. பூவராகனுக்குப் பெரும்பாலும் சீட்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற உத்தியோகம். பிரிட்ஜில் அப்படித்தான், ஏலம் எடுத்தவர் தன் சீட்டையும் பார்ட்னர் சீட்டையும் சேர்த்து ஆடுவார், விரித்தவர் வாயைத் திறக்கக்கூடாது. அதில் ஒரு மரியாதை உண்டு. பார்ட்னர் எதை விரித்தாலும், அது உருப்படாத குப்பையாக இருந்தாலும், ஏலம் எடுத்தவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் 'தேங்க் யூ பார்ட்னர்' என்று சொல்ல வேண்டும். ஒருநாள் மனைவி குமுதவல்லி கிளப்புக்கு வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். திரும்பும்போது ஸ்கூட்டரில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள், "தங்கையா அண்ணன் உங்க சீட்டைப் பார்த்துட்டு தேங்க் யூங்கிறாரே, அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" குப்பை, என்றார். "குப்பைக்கு எதுக்கு தேங்க்ஸ்?" முகத்தில் காட்டினால் எதிரிக்குத் தெரிந்துபோகும், அதனால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே முகம், ஒரே வார்த்தை என்றார். பாலக்கரை வரும்வரை அவள் சிரித்தாள், வண்டியே ஆடியது. அதற்கப்புறம் அது வீட்டு வார்த்தையாகிவிட்டது. முற்றின வெண்டைக்காய் வாங்கி வந்தால் தேங்க் யூ பார்ட்னர். பாலைப் பொங்கவிட்டால் தேங்க் யூ பார்ட்னர். கல்யாண நாளுக்கு அவர் வாங்கி வந்த ஊதாப் புடவையை விரித்துப் பார்த்துவிட்டும் அதே வார்த்தை, அதே முகம். புடவை பிடித்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. நாலைந்து தடவை கட்டினாள். பிடிக்காமலா கட்டினாள், பிடித்திருந்தால் ஏன் நாலைந்தோடு நின்றது. டிவியில் அவள் பெயர் மறுபடியும் கீழே தலைகாட்டியது. தயார்நிலை.

ஆனால் சித்திரை பிறந்ததிலிருந்து காற்று திசை மாறியிருந்தது. பொழுது போகாமல் போனில் இந்தப் போட்டியில் சேர்ந்தார். முதல் நாளே பதினைந்து, பதினெட்டு, பன்னிரண்டு. மறுநாளும் அதே. நாலு பாயிண்ட் பூவராகனுக்கு! அவர் வெறும் சீட்டாட்டக்காரர் அல்ல, மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் துணை இயக்குநராக இருந்து இறங்கியவர். ஒரு சீட்டுக்கட்டில் மொத்தம் நாற்பது பாயிண்ட், பிரித்துக்கொள்ள நாலு பேர், சராசரி பத்து. அவருக்கோ பதினாலுக்குக் குறையாமல் சராசரி வந்துகொண்டிருந்தது. இது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று வாக்கிங் போகும்போது மனக்கணக்காகப் போட்டார். லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. லட்சத்தில் ஒன்று என்றால் புள்ளியியல்காரன் என்ன செய்வான், தராசு கோணல் என்பான். இவர் அதிர்ஷ்டம் என்றார். வாழ்நாள் முழுக்கக் கொடுக்காமல் வைத்திருந்ததை இப்போது வட்டியும் முதலுமாகக் கொடுக்கிறார்கள் என்றார். கொடுப்பது யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை, அவருக்குத்தான் அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாதே. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் குமுதவல்லியின் வால்வைப் பற்றிச் சொன்னார். இப்போதே அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை, மாத்திரையில் கொஞ்ச காலம் ஓட்டலாம், மாடிப்படி ஏறாமல், மெதுவாக நடந்து, மூன்று வருஷமோ நாலு வருஷமோ. மாற்றிவிட்டால் பழையபடி நடமாடலாம், பத்து வருஷத்துக்குக் குறையாது. ஆனால் சர்க்கரை இருக்கிறது, வயசும் இருக்கிறது. நூற்றுக்கு எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று பூவராகன் கேட்டார். தொண்ணூற்றைந்து. யோசித்துச் சொல்லுங்கள். குமுதவல்லி எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நீங்களே சொல்லுங்க, நீங்கதானே கணக்குத் தெரிஞ்சவங்க" என்றாள். அவள் தங்கை நாச்சியார், சமயபுரத்தில் பூக்கட்டிப் பார்த்துடலாம் அத்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம், குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னால் அம்மன் உத்தரவு தெரிந்துவிடும். என்ன பேச்சுப் பேசினார் அன்றைக்கு! இரண்டில் ஒன்று வரும், சரிபாதி சாத்தியம், காசைச் சுண்டினாலும் அதே உத்தரவுதான், இதற்கு அம்மன் எதற்கு, எழுபது வருஷமாக நாடு பள்ளிக்கூடம் கட்டியது இதற்குத்தானா. நாச்சியார் அழுதுகொண்டே கிளம்பிப் போனாள். அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் தனியாகப் போனைத் திறந்து, வாய் அசையாமல், யாரிடம் என்றில்லாமல் அவர் சொன்னார்: இந்த எட்டுக் கையும் நன்றாக வந்தால் ஆபரேஷன். எட்டும் நன்றாக வந்தன. இறங்கிவந்து, செய்துடலாம் குமுதம் என்றார்.

ஐந்தாவது கையில் மூன்று பிடி எடுத்து நாலாவதுக்கு இஸ்பேடு ராஜாவை இறக்கும்போதுதான் தங்கையாவின் குரல்செய்தி வந்து விழுந்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கே போய்விட்ட மனுஷன், எழுதப் பிடிக்காது, எல்லாம் பேச்சுதான். பூவராகன் போனைக் காதில் ஒட்டிக்கொண்டார். "வே பூவராகன், தங்கையா பேசுதேன். தங்கச்சியை உள்ள கொண்டு போயாச்சா? நீரு ஒரு மாசமா பீத்திக்கிட்டு இருந்தீருல்லா, அந்தப் போட்டியில நேத்து நானும் சேந்தேன்வே. எட்டுக் கையும் அள்ளிக்கிட்டுல்லா வருது! எனக்கே சந்தேகம் வந்துட்டு, நமக்கு ஏதுடா இம்புட்டு யோகம்னு. உள்ள போயி விதியைப் படிச்சேன். தெளிவா போட்டிருக்கான்வே. நாலு கையில எது பெருசோ அதைத் திருப்பி மனுசன் பக்கம் வச்சிருவானாம். எப்பவும். மிச்சம் மீதிதான் ரோபோவுக்கு. நாம சும்மா உக்காந்து கொட்டாவி விடாம ஆடணும்னு அப்படி ஏற்பாடாம். எல்லாப் பயலுக்கும் அதே கைதான்வே, உமக்கு மட்டும் இல்ல. சரி சரி, நீரு கவலப்படாதேயும். நான் ஜெபம் பண்ணிட்டுதான் இருக்கேன்." சொல்லி முடித்துச் சிரித்தான், சிரிப்பு பாதியில் நறுக்கென்று நின்றது, செய்தி முடிந்துவிட்டது.

பூவராகன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒன்றும் கேட்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். எப்பவும். எப்பவும் என்றானா. எப்போதாவது என்றிருப்பான், அவன் பேச்சு அப்படித்தான், பாதியை விழுங்குவான். மறுபடி ஓடவிட்டார். எப்பவும் என்றுதான் சொன்னான். கை குளிர்ந்துவிட்டது, ஏசியில்தான். போட்டியின் விவரப் பக்கத்தைத் தேடினார், இத்தனை நாள் அந்தப் பொத்தானை அவர் தொட்டதே இல்லை, தொட என்ன இருக்கிறது, நாற்பது வருஷம் பிரிட்ஜ் ஆடியவனுக்கு விதிமுறை படிக்கவேண்டுமா. படித்தார். தங்கையா விழுங்கவில்லை. இன்னும் கேட்டால் போட்டியின் பெயரிலேயே அது இருந்தது, 'சிறந்த கை' என்று, கொட்டை எழுத்தில், தினமும் அதைத் தொட்டுத்தான் உள்ளே நுழைந்தார். ஓட்டல் பலகையில் ஸ்பெஷல் மீல்ஸ் என்று போட்டிருக்கிற மாதிரி ஒரு விளம்பரம் என்று நினைத்துவிட்டார். ஐயோ. ஒரு மாதமாக ஒரே ஒரு கைகூடப் பத்துக்குக் கீழே வரவில்லையே. வராது. நாற்பதை நாலாகப் பிரித்தால் பெரிய பங்கு பத்துக்குக் கீழே எப்படிப் போகும், பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். கண்ணெதிரே இருந்தது, எண்ணிப் பார்த்தார், சராசரி போட்டார், வாய்ப்பு கணக்கிட்டார், தராசு கோணல் என்று தராசே கத்தியது, இவர் காதில் தேனாகப் பாய்ந்தது. வேலை நாளில் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு ஊர் ஊராகப் போவார். எந்த வயலில் அறுத்து எடை போடுவது என்பதைக் குலுக்கல் எண்தான் முடிவு செய்யும். ஒவ்வொரு ஊரிலும் தலையாரி கும்பிட்டுக்கொண்டு வந்து, ஐயா அந்த வயல்ல பாம்பு இருக்குது, இந்தப் பக்கம் அறுத்துக்கலாமுங்க என்று தளதளவென்று விளைந்த வயலைக் காட்டுவான். பூவராகன் ஒருநாளும் மசிந்ததில்லை. பாம்பு இருந்தால் இருக்கட்டும், எண் சொன்ன வயலில்தான் இறங்குவேன் என்று சேற்றில் நிற்பார், பூட்ஸோடு. நல்ல வயலாகப் பொறுக்கிக் காட்டினால் ஊரே நல்ல விளைச்சல் என்று தெரியும், அப்புறம் அரசாங்கம் ஏமாந்துபோகும் என்று கீழே இருப்பவர்களுக்குப் பாடம் எடுத்தவர். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். விழுந்தது மட்டுமா, பானை நல்ல சூடாக இருக்கிறது என்று ஒரு மாதம் அதிலேயே கிடந்தது. நாச்சியாரின் பூவாவது சரிபாதி நியாயம், சிவப்பு வரவும் ஒரு வழி இருந்தது. இவர் உத்தரவு கேட்ட இடத்தில் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே கட்டி வைத்திருந்தார்கள்.

டிவியில் பெயர்கள் நகர்ந்தன. குமுதவல்லி, தயார்நிலை. கண் தானாக அடுத்த வரிக்கு ஓடியது, விவரப் பக்கத்தில். இனி ஒரு வரியையும் விடுவதில்லை என்று வீம்பாகப் படித்தார், வெள்ளம் போன பிறகு அணை. மார்க் போடுவதில் இரண்டு வகை உண்டு. அது அவருக்குத் தெரியும், அதையாவது தெரிந்து வைத்திருந்தார். ஒன்று மேட்ச் பாயிண்ட். அதில் மற்ற ஒவ்வொருவரையும்விட நீ முந்தினாயா பிந்தினாயா என்பது மட்டுமே பேச்சு. பத்தில் முந்தினாலும் ஆயிரத்தில் முந்தினாலும் ஒரே மார்க். தோற்றாலும் அப்படித்தான், எவ்வளவு பெரிய குழியில் விழுந்தாலும் ஒரு கையோடு போயிற்று, அடுத்த கையில் எழுந்துகொள்ளலாம். அதனால் சொன்ன பிடிக்கு மேல் ஒரு பிடி கிடைக்குமா என்று ஆசைப்பட்டு ஆடுவதுதான் அங்கே புத்திசாலித்தனம், பத்துக்கு ஒன்பது தடவை பலித்தால் போதும். இன்னொன்று இம்ப். அங்கே வித்தியாசம் எவ்வளவு என்று அளப்பார்கள். ஒரே ஒரு கையில் கவிழ்ந்தால் அன்றைய பொழுது முழுக்கச் சேர்த்ததை அது தின்றுவிடும். அதனால் அங்கே கூடுதல் பிடிக்குக் கையை நீட்டக்கூடாது, சொன்னதை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். பூவராகன் பிறவி மேட்ச் பாயிண்ட்காரர். இம்ப் ஆட்டம் கிழவர்களுக்கு என்பார். நூற்றுக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேட்டதும் அந்த வாய்தான். தொண்ணூற்றைந்து என்றதும் தலை தானாக ஆடியது, நல்ல வீதம், தைரியமாக இறங்கலாம். நூறு மேஜையில் தொண்ணூற்றைந்தில் ஜெயிக்கிற ஆட்டம். ஆனால் குமுதவல்லிக்கு ஏது நூறு மேஜை? ஒரே மேஜை, ஒரே கை, கவிழ்ந்தால் எழுந்துகொள்ள அடுத்த கை கிடையாது. மாத்திரையில் மூன்று நாலு வருஷம், மெதுவாக நடந்துகொண்டு, கீழ்வீட்டிலேயே படுத்துக்கொண்டு, சாயங்காலம் ரேடியோ போட்டுக்கொண்டு, அது கையில் இருந்தது, சொன்ன பிடி. அதற்கு மேல் கேட்டது இவர். பத்து வருஷம் கேட்டது இவர். இவர் கேட்ட கூடுதல் பிடிக்கு அவள் நெஞ்சைத் திறந்து வைக்கப்போகிறார்கள். போன வாரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாளே, நறுக்குவதை நிறுத்தாமல், "ஒரு மாசமா உங்க முகம் தெளிவா இருக்கு. அதைப் பார்த்தா எனக்கும் பயம் விட்டுப்போச்சு." அவள் தைரியம் இவர் முகத்திலிருந்து வந்தது, இவர் முகம் சீட்டிலிருந்து வந்தது, சீட்டு எங்கிருந்து வந்தது? எவனோ ஒரு மகராசன், விளையாட வருகிறவர்களுக்கு அலுப்புத் தட்டக்கூடாது என்று எழுதிவைத்த ஒரு வரியிலிருந்து வந்தது. போன் கையில் அதிர்ந்தது, அவர் பெயருக்கு மேலே மஞ்சள் விளக்கு சிமிட்டியது, உங்கள் முறை, உங்கள் முறை. ரோபோக்கள் பொறுமையாகக் காத்திருந்தன.

"அத்தான், காபி. என்ன முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கெடக்கு?" நாச்சியார் காகிதக் கோப்பையோடு நின்றாள், மறுகையில் குங்குமப் பொட்டலம். காலையில் முதல் பஸ் பிடித்து சமயபுரம் போய்விட்டு வந்திருந்தாள். பூவராகன் அந்தப் பொட்டலத்தையே பார்த்தார். "நாச்சியார், நீ பூக்கட்டிப் பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்திருப்பாள், எனக்குத் தெரியாமல் பார்த்திருப்பாள், வெள்ளைப் பூ வந்தது என்று சொல்வாள், சொல்லிவிட்டால் போதும், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். நாச்சியார் திகைத்துப்போய், "நீங்கதான் அன்னைக்கு அந்தச் சத்தம் போட்டீங்களே அத்தான், உங்களை மீறிப் பார்ப்பேனா? அக்காவும் வேணாம்னுருச்சு. அத்தான் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்காரு, நாம எதுக்குடி பூவையும் கீவையும் கட்டிக்கிட்டுன்னு சொல்லுச்சு. அர்ச்சனை மட்டும் பண்ணிட்டு வந்தேன்" என்றாள். கணக்குப் போட்டுத்தான். பூவராகனுக்கு எழுந்து ஓடவேண்டும் போல் இருந்தது. வாசல் வழியாக, ஆட்டோ ஸ்டாண்டு வழியாக, எங்கேயாவது. அவர் எழுந்திருக்கவும் கண்ணாடிக் கதவு திறந்து நர்ஸ் ஒருத்தி தலையை நீட்டவும் சரியாக இருந்தது. "குமுதவல்லி வீட்டுக்காரங்க யாரு? ஒருத்தர் மட்டும் வந்து பார்த்துட்டுப் போங்க, உள்ள எடுத்துட்டுப் போகப் போறோம்." நாச்சியார் குங்குமத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "நீங்க போங்க அத்தான். உங்களைத்தான் தேடும்."

கதவுக்கு அந்தப் பக்கம் நீளமான நடை, டெட்டால் நெடி, தரை பளபளத்தது, செருப்பைக் கழற்றச் சொன்னதால் பாதம் சில்லிட்டது. சொல்லக்கூடாது. இந்த நேரத்தில் போய்ச் சொல்வதா, நெஞ்சைத் திறக்கக் கொடுக்கப் போகிறவளிடம் தைரியத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவதா, அதற்குக் கல்லால் அடித்துவிடலாம். முகத்தைத் தெளிவாக வைத்துக்கொள், ஒரு மாதமாக வைத்திருந்த முகம்தானே, எங்கே போய்விடும். அது போய்விட்டதே. தடவிப் பார்த்தார், உதடு நடுங்கியது, கன்னம் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டது. நடித்துவிடலாம், ஒரு நிமிஷம்தானே. ஒரு நிமிஷம் நடித்து அனுப்பிவிட்டு, அப்புறம் டிவியில் 'வெளியே' என்று வராமலே போனால், மிச்ச நாளெல்லாம் அந்த நடித்த முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரிய வேண்டும். அவள் நம்பியது பொய்யென்று தெரிந்தே உள்ளே அனுப்பியவன் என்று. சொல்லிவிடு. சொன்னால் பயப்படுவாள். பயப்படட்டும், நிறுத்தச் சொல்வாள், நிறுத்திவிடலாம், வீட்டுக்குப் போய்விடலாம், கீழ்வீட்டில் கட்டிலைப் போட்டுவிடலாம். நிறுத்தினபிறகு மாத்திரையில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை என்றால்? அதற்கும் நூற்றுக்கு எத்தனை என்று ஒரு கணக்கு இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளவில்லை இந்தக் கணக்குப் புலி. பயமாக இருந்தது அவருக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு பயந்ததில்லை. திரைக்குப் பின்னால் சக்கரக் கட்டில் இருந்தது.

பச்சை அங்கியில் குமுதவல்லி யாரோ மாதிரி இருந்தாள். தலைமுடி தொப்பிக்குள் போயிருந்தது, மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள், மூக்கில் அந்தச் சின்னத் துளை மட்டும். தாலி காலையிலேயே நாச்சியாரின் கைப்பைக்குப் போய்விட்டது. இவரைப் பார்த்ததும் கண் முகத்துக்குத்தான் வந்தது, நேராக, வேறெங்கும் போகாமல். "என்னங்க, சாப்டீங்களா?"

"குமுதம், ஒண்ணு சொல்லணும்," என்றார். குங்குமத்தை வைக்க எடுத்த விரல் அப்படியே நின்றது. அப்புறம் எல்லாம் வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. நான் கணக்குப் போடல குமுதம், சீட்டைப் பார்த்துச் சொன்னேன், எட்டுக் கையும் நல்லா வந்தா ஆபரேஷன்னு வச்சுக்கிட்டேன், வந்துச்சு, ஆனா அந்தப் போட்டியில எல்லாருக்கும் நல்ல கைதான் வருமாம், அப்படித்தான் அமைச்சிருக்கான், தங்கையா இப்பத்தான் சொன்னான், நான் அந்த வரியைப் படிக்கவே இல்ல. தொண்ணூற்றைந்துன்னு டாக்டர் சொன்னதும் சந்தோஷப்பட்டேன், அந்த அஞ்சை நான் நினைக்கவே இல்ல, நீதான் அந்த அஞ்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தோணவே இல்ல.

கையுறையை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சீட்டைப் பார்த்தா?" என்றாள் குமுதவல்லி.

"ஆமா."

"பூக்கட்டிப் பார்க்கலாம்னு சொன்னதுக்கு நாச்சியாரை அழ வச்சீங்களே."

"ஆமா."

"சரி, இப்ப என்ன சொல்றீங்க? வேணும்கிறீங்களா, வேணாம்கிறீங்களா?"

"தெரியல குமுதம். நிறுத்தணும்னா இப்பக்கூட நிறுத்தலாம். எனக்கு ஒண்ணுமே தெரியல. பயமா இருக்கு. நீ சொல்லு."

அவ்வளவுதான், எல்லாச் சீட்டையும் விரித்தாயிற்று, இனி மறைத்து வைத்துக்கொள்ள அவரிடம் எதுவும் இல்லை. குமுதவல்லி அவரைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்து, ஈரமாயிருந்த கண், இழுத்துக்கொண்ட கன்னம், நடுங்கின உதடு, குங்குமம் ஒட்டிய விரல் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள். பூவராகன் அவள் முகத்தில் தேடினார். கோபம் வரும், வரட்டும். அழுகை வரும். ஒரு சுளிப்பாவது. ஒரு சுருக்கமும் விழவில்லை.

"தேங்க் யூ பார்ட்னர்," என்றாள்.

பிறகு அவர் விரலைத் தன் நெற்றிக்கு இழுத்துப் பொட்டு வைத்துக்கொண்டு, நர்ஸ் பக்கம் திரும்பி, "வாம்மா, போலாம்" என்றாள்.

கட்டில் நகர்ந்தது. இரண்டு கதவும் திறந்து அவளை வாங்கிக்கொண்டு மூடின. பூவராகன் வெறுங்காலோடு அங்கேயே நின்றார். நல்ல கை என்றாளா, குப்பை என்றாளா? அந்தக் குரலை மறுபடி மறுபடி காதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார், வெண்டைக்காய்க்குச் சொன்ன குரலா, புடவைக்குச் சொன்ன குரலா, ஸ்கூட்டரில் சிரித்தவள் குரலா. ஒன்றும் பிடிபடவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, உங்கள் முறை, உங்கள் முறை என்று.

"என் முறை இல்லை," என்றார் பூவராகன், சத்தமாகவே. துடைப்பத்தோடு வந்த ஆயா திரும்பிப் பார்த்து, "ஐயா, இங்க நிக்கக்கூடாதுங்க" என்றாள்.